மாருத் போர் விமானமும் எங்கள் பெரியப்பாவும்

நம் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "மலருக்கு ஒரு கட்டுரை வேணும் சார். ஆனா ஹாஸ்டல் சாம்பார், கேன்டீன் கடன் இதெல்லாம் வேண்டாம். அதுக்கு ஏற்கெனவே பதினோரு பேர் இருக்காங்க" என்றார். சரி, வரலாறு எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். இயற்பியல் படித்தவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று 1983ஆம் ஆண்டு என்னோடு வெளியேறிய நண்பர்கள் கேட்பார்கள். இது இயற்பியலும் கலந்த வரலாறுதான். நம் நாட்டில் கட்டப்பட்ட முதல் ஜெட் போர் விமானங்களின் கதை. அதில் கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தச்சர் ஒருவரும் வருவார். அவர் என் பெரியப்பா.

உளியோடு பெங்களூருக்கு

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்போது அது தென்னாற்காடு மாவட்டம். 1993இல் விழுப்புரம் மாவட்டமாயிற்று. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் இரண்டு முறை மாறினாலும் ஊர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது!

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். அந்தத் தொழில்தான் எங்கள் வீட்டிலும் நடந்தது. கதவு, நிலை, சாமி வாகனம் என்று தாத்தா செய்யாத வேலை இல்லை. பேர் இருந்தது, கூலி போதவில்லை. 1950இல் பெரியப்பா உளிகளைச் சாக்குத் துணியில் சுருட்டிக்கொண்டு சின்னசேலத்தில் ரயிலேறினார். பெங்களூரில் ஏரோப்பிளேன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கம்பெனி 1940 டிசம்பரில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட். தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் அரசும் சேர்ந்து ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய பட்டறையாக இருந்தது. 1964 அக்டோபரில் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து, இன்று எல்லாரும் எச்.ஏ.எல். என்று சொல்லும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஆயிற்று.

விமானக் கம்பெனியில் தச்சனுக்கு என்ன வேலை? எங்கள் ஊரில் எல்லாரும் பெரியப்பாவைக் கேட்ட கேள்வி இது. "ஆபீசருங்க உக்கார நாற்காலி செய்வியா?" என்று கேலி செய்வார்களாம். உண்மையில் வேலை விமானத்திலேயே இருந்தது.

மர மூக்கு வைத்த ஜெட்

நம் விமானப்படைக்கு ஜெட் விமானம் முதன்முதலில் வந்தது 1948 நவம்பரில். இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் கம்பெனி செய்த 'வாம்பயர்' அது. பிறகு உரிமம் பெற்று அதையே பெங்களூரில் கட்டத் தொடங்கினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட வாம்பயர்கள் அங்கே உருவாயின. இந்தியாவில் கட்டப்பட்ட முதல் ஜெட் போர் விமானம் அதுதான்.

இந்த வாம்பயரில் ஒரு விசேஷம் உண்டு. விமானி உட்காரும் முன்பகுதி முழுக்க மரம்! இரண்டு ப்ளைவுட் தகடுகளுக்கு நடுவில் பால்சா என்ற இலேசான மரத்தை வைத்து, அச்சில் வளைத்துப் பசையால் ஒட்டியது. இறக்கையும் வாலும் உலோகம். ஜெட் யுகத்துக்குள் நம் நாடு நுழைந்தது பாதி மரமும் பாதி உலோகமுமாகத்தான். பெரியப்பா மரப் பிரிவில் சேர்ந்த காரணம் இதுதான்.

உரிமத்தில் செய்வது வேறு, நாமே வரைந்து செய்வது வேறு. அதற்கும் அப்போதே ஆள் இருந்தார். வி.எம். கட்டகே என்ற பொறியாளர். ஜெர்மனியில் காற்றியக்கவியலின் பேராசான் லுட்விக் பிரான்டலிடம் படித்தவர். அவர் வடிவமைத்த எச்.டி.2 என்ற பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது. அது ஜெட் அல்ல, முன்னால் விசிறி சுற்றுகிற ரகம். ஆனால் முதல் கோட்டிலிருந்து கடைசி ஆணி வரை இங்கேயே திட்டமிட்டது.

அடுத்து வந்தது 'நாட்' என்ற குட்டி ஜெட். இங்கிலாந்தின் ஃபாலண்ட் கம்பெனி வடிவமைப்பு. பெங்களூரில் பூட்டிய முதல் நாட் 1959 நவம்பரில் பறந்தது. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் ஜெட்டுகளை எதிர்த்துப் பேர் வாங்கியதும், 1971 டிசம்பரில் ஸ்ரீநகர் வானில் நிர்மல்ஜித் சிங் செகோன் தனியாகப் போராடி உயிர்விட்டுப் பரம்வீர் சக்ரம் பெற்றதும் இந்த விமானத்தில்தான். அதைத் திருத்தி நம்மவர்கள் செய்தது 'அஜீத்'.

ஜெர்மன் நிபுணர் வந்த கதை

இனி முக்கியமான கதைக்கு வருகிறேன். 1950களின் நடுவில் விமானப்படை ஒரு புதிய போர் விமானம் கேட்டது. ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம் போக வேண்டும், 60,000 அடி உயரம் ஏற வேண்டும் என்று நிபந்தனை. அன்றைய நம் நாட்டுக்கு இது சின்ன ஆசையா?

அதற்காக அழைத்து வரப்பட்டவர் குர்ட் டாங்க். உலகப் போரில் ஜெர்மனியின் புகழ்பெற்ற ஃபோக்கே வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர். போருக்குப் பிறகு அர்ஜென்டினா போய் ஒரு ஜெட் செய்தார். 1955இல் அங்கே அதிபர் பெரோனின் ஆட்சி கவிழ்ந்தது. 1956இல் தன் ஜெர்மன் பொறியாளர்கள் சிலரோடு பெங்களூர் வந்து சேர்ந்தார்.

இதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி.யில் அப்போது விமானப் பொறியியல் துறைத் தலைவர் வால்டர் ரெப்பெந்தின் என்ற ஜெர்மானியர். குர்ட் டாங்கும் அங்கே ஆசிரியராக இருந்ததை அந்நாள் மாணவர் ஒருவர் பின்னாளில் தன் நூலில் குறித்திருக்கிறார். அந்த மாணவர் ராமேசுவரத்து அப்துல் கலாம். எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் நடத்திய போட்டிக்கு அவர் எழுதிய தமிழ்க் கட்டுரையின் பொருளே, நம் விமானத்தை நாமே செய்துகொள்வோம் என்பதுதான்! முதல் பரிசை அவருக்குக் கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். படிப்பு முடிந்ததும் கலாம் பயிற்சிக்குப் போனதும் பெங்களூர் இந்துஸ்தான் கம்பெனிக்கே. அங்கே அவர் கழற்றிப் பூட்டிப் பழகியது விமான எஞ்சின்களை. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கல்லூரித் தமிழ்ச் சங்கக் கட்டுரைப் போட்டி என்று இளக்காரமாக நினைக்காதீர்கள்.

மரத்தில் ஒரு முழு விமானம்

டாங்க் ஒரே மூச்சில் உலோகத்தில் இறங்கவில்லை. முதலில் முழு அளவில் மரத்தாலேயே எஞ்சின் இல்லாத ஒரு கிளைடர் செய்யச் சொன்னார். 1959இல் அதை ஒரு டக்கோட்டா விமானத்தின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மேலே போய் அவிழ்த்துவிட்டார்கள். காற்றிலே மிதந்து இறங்கும்போது அதன் குணம் எப்படி, எந்தப் பக்கம் சாய்கிறது என்றெல்லாம் படித்தார்கள்.

அந்தக் கிளைடரில் பெரியப்பாவின் கையும் பட்டிருக்கிறது. அவர் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே வேலை அதுதான். "தேருக்குச் சட்டம் சேக்கும்போது ஒரு நூல் பிசகினா சாமி மன்னிச்சிடும். அந்த ஜெர்மன்காரர் மன்னிக்க மாட்டார்" என்பார்.

உலோக விமானம் 1961 ஜூன் 17ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். ஒரு வாரம் கழித்துப் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் முன்னிலையில் மறுபடி பறந்தது. கணக்குப் பெயர் எச்.எஃப்.24. சூட்டிய பெயர் 'மாருத்'. நாம் மாருதம் என்று சொல்கிற காற்றுதான். இந்தியாவிலேயே உருவாகி விமானப்படையில் சேர்ந்த முதல் ஜெட் போர் விமானம் அது. ஒல்லியான உடம்பு, பின்னுக்குச் சாய்ந்த இறக்கை, வால் பக்கம் இரண்டு புகைத்துளை. அழகில் அதற்கு ஈடில்லை என்று விமானிகளே சொல்லியிருக்கிறார்கள்.

எஞ்சின் எங்கே?

இங்கேதான் கதை திரும்புகிறது. மாருத் எந்த எஞ்சினை மனதில் வைத்து வரையப்பட்டதோ அந்த எஞ்சின் கடைசி வரை வரவே இல்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் கம்பெனி ஆர்ஃபியஸ் 12 என்ற எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் சுமார் 3,700 கிலோ உந்துவிசை தரும். அதில் இரண்டு மாருத்துக்கு என்று திட்டம். நடுவில் அந்த எஞ்சினுக்கு அங்கே வேண்டுவோர் இல்லாமல் போகவே வேலையை நிறுத்திவிட்டார்கள். மீதி வேலைக்கு இந்தியா பணம் போட்டால் தொடரலாம் என்றார்கள். நாம் போடவில்லை. அதனால் கையில் இருந்த ஆர்ஃபியஸ் 703 எஞ்சினை மாட்டினார்கள். அதன் விசை சுமார் 2,200 கிலோ மட்டும். நூறு பங்கு கேட்ட இடத்தில் அறுபது பங்கு! ஒலியைப் போல் இரு மடங்கு போக வேண்டிய விமானம் ஒலி வேகத்தைத் தொடவே திணறியது.

பிறகு வேறு எஞ்சின் தேடிய படலம். ரஷ்யாவில் கேட்டார்கள். எகிப்தில் ஆஸ்திரிய நிபுணர் பிராண்ட்னர் செய்துகொண்டிருந்த எஞ்சினை, ஒரு மாருத்தையே அங்கே அனுப்பி 1967இல் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 1969இல் அந்த ஏற்பாடும் நின்றது. கடைசியில் நம்மவர்களே ஆர்ஃபியஸுக்கு 'ஆஃப்டர்பர்னர்' சேர்க்க முயன்றார்கள். எஞ்சினின் பின்வழியே வெளியேறும் சூடான காற்றில் மறுபடி எரிபொருளைத் தெளித்துக் கொளுத்தினால் கூடுதல் விசை கிடைக்கும். அதுதான் அதன் தத்துவம்.

அப்படிச் சோதனை செய்த விமானம் 1970 ஜனவரி 10ஆம் தேதி தரையை விட்டு எழும்பும்போதே விழுந்தது. உள்ளே இருந்தவர் அதே சுரஞ்சன் தாஸ். அப்போது குரூப் கேப்டன். உயிர் பிழைக்கவில்லை. பெங்களூரில் எச்.ஏ.எல். பக்கம் போகிறவர்கள் சுரஞ்சன் தாஸ் ரோடு என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். அவர் பெயர்தான்.

அந்தப் பொங்கலுக்குப் பெரியப்பா ஊருக்கு வரவில்லை. ஒரு கார்டு மட்டும் வந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்தார்: "எங்கள் விமானி போய்விட்டார். இந்த வருடம் எனக்குப் பொங்கல் இல்லை. பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடு." எனக்கு அப்போது எட்டு வயது. முகம் தெரியாத ஒருவருக்காகப் பெரியப்பா ஏன் பொங்கல் கொண்டாடவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

மாட்டுப் பொங்கல் அன்று

1971 டிசம்பரில் போர் வந்தது. பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஊரே கூடியது. ராஜஸ்தான் பக்கம் ஜோத்பூரிலிருந்தும் உத்தர்லாயிலிருந்தும் மாருத்துகள் புறப்பட்டுப் போய்ப் பாகிஸ்தானின் ரயில் தடங்களையும் டாங்கிகளையும் தாக்கின. இரண்டு வாரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட முறை பறந்தன. தரையிலிருந்து சுட்டதில் மூன்று மாருத்துகளை இழந்தோம். ஆனால் வானச் சண்டையில் ஒன்றுகூட வீழவில்லை. தாழப் பறக்கும்போது மாருத் அசையாமல் நிற்கும், அடி வாங்கினாலும் தாங்கும் என்று நல்ல பேர் கிடைத்தது. வேகம் குறைவு என்று ஒதுக்கப்பட்ட விமானம் உடம்பின் உறுதியால் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

1972 பொங்கலுக்குப் பெரியப்பா வந்தார். ஊரில் அவருக்கு ராஜ மரியாதை. கையோடு எனக்கு ஒரு மர மாருத் செய்து கொண்டுவந்திருந்தார். ஒரு முழ நீளம். வாலில் இரண்டு துளை வைத்து உளியால் உள்ளே குடைந்திருந்தார்.

மாட்டுப் பொங்கல் அன்று தொழுவத்தில் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தோம். அந்த வருடம் எங்களுக்கு ஒரு மாடுதான் சொந்தம். ஜோடி மாட்டை உழவுக்குப் பக்கத்து வீட்டில் வாங்கித்தான் பூட்டுவோம். நான் மர விமானத்தின் துளையில் விரலை விட்டு, "இதுக்குள்ள என்ன பெரியப்பா இருக்கும்?" என்றேன். அவர் வர்ணக் குச்சியைக் கீழே வைத்தார்.

"எஞ்சின் இருக்கும்டா. அது நம்மளுது இல்ல. நம்ம கம்பெனியிலதான் பூட்டறாங்க. ஆனா வரைஞ்சது வெள்ளைக்காரன். வண்டி நம்மளுது, மாடு இரவல். இரவல் மாட்டை வெச்சிக்கிட்டு நமக்கு வேணும்கிற நேரத்துக்கு உழ முடியுமா?"

அவர் அதிகம் படித்தவர் இல்லை. இதற்குப் பிறகு இந்தப் பொருள் பற்றி எத்தனையோ புத்தகங்கள் படித்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

கைவிட்ட உளி

மாருத் மொத்தம் 147 கட்டப்பட்டன. அதில் 18 இரட்டை இருக்கை வைத்த பயிற்சி விமானம். மூன்று படையணிகளில் இருந்தது. 1990க்குள் எல்லாம் ஓய்வு பெற்றன. டாங்க் 1960களின் பிற்பகுதியிலேயே ஊர் திரும்பிவிட்டார். இதற்குள் ரஷ்ய மிக் 21 வந்து, அதை உரிமத்தில் கட்டுவதே பெரிய வேலையாகிவிட்டது. அந்த மிக் 21உம் 2025 செப்டம்பரில் விடைபெற்றது.

அடுத்து நாமே வடிவமைத்த போர் விமானம் தேஜஸ். அதற்கு அனுமதி 1983இல். முதலில் பறந்தது 2001 ஜனவரி 4ஆம் தேதி. மாருத்தின் முதல் பறப்புக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய 40 ஆண்டுகள்! என்னைப் பொறுத்தவரை மாருத் கதையில் பெரிய நஷ்டம் இந்த இடைவெளிதான். மாருத்தில் கை பழகிய ஒரு தலைமுறை ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய்விட்டது. உளியைப் பத்து வருடம் தொடாத தச்சன் கையில் வேலை நிற்காது. எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். பெரியப்பா மகன்கள் யாரும் தொழில் கற்றுக்கொள்ளவில்லை. தாத்தா செய்த யாளி முகத்தை இன்று செதுக்க எங்கள் குடும்பத்தில் ஆள் இல்லை.

எஞ்சின் கதை இன்னும் கடினம். 1989இல் 'காவேரி' என்று நம் ஆற்றின் பெயரிலேயே ஒரு ஜெட் எஞ்சின் திட்டம் தொடங்கியது. தேஜஸுக்கு வேண்டிய விசையை அது எட்டவில்லை. 2008இல் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் சூலூரிலிருந்து பறக்கிற தேஜஸ் இன்றும் அமெரிக்க எஞ்சினில்தான் பறக்கிறது. வண்டி நம்முடையது, மாடு இரவல்.

பையன் கேட்ட கேள்வி

பட்டம் வாங்கியதும் நானும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு விண்ணப்பம் போட்டவன்தான். இடம் கிடைக்கவில்லை. பி.எட். முடித்து ஆசிரியனானேன். 2022இல் ஓய்வு பெற்றேன். அதில் பல வருடம் கல்வராயன் மலைமேல் வேலை. ஜாகீர்தார்கள் பிடியிலிருந்து 1976இல்தான் அரசு நிர்வாகத்துக்கு வந்த மலை அது. பிள்ளைகள் சாமை வயலிலும் கடுக்காய் மரத்தடியிலும் வேலை பார்த்துவிட்டுப் பள்ளிக்கு வருவார்கள். நியூட்டனின் மூன்றாம் விதி நடத்தும்போதெல்லாம் பெரியப்பா தந்த மர மாருத்தை மேசைமேல் வைப்பேன்.

ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்தத் துளையில் விரலை விட்டுக்கொண்டே கேட்டான்: "இவ்ளோ பெரிய விமானம் செஞ்சவங்களுக்கு எஞ்சின் மட்டும் ஏன் சார் செய்ய வரல?"

கொல்லன் உலையில் இரும்பு சிவப்பதைப் பார்த்தவன்தான் அவன். அதை வைத்தே சொன்னேன். ஜெட் எஞ்சின் முன்னால் காற்றை உறிஞ்சி அழுத்தும். நடுவில் எரிபொருள் எரியும். அந்தச் சூட்டுக் காற்று டர்பைனைச் சுழற்றிவிட்டுப் பின்னால் பாய்ந்து வெளியேறும். இன்றைய எஞ்சின்களில் அந்தக் காற்றின் சூடு, டர்பைன் இதழ் எந்த உலோகத்தால் ஆனதோ அதையே உருக்கிவிடும் அளவுக்கு அதிகம். ஆனாலும் இதழ் உருகக் கூடாது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும்போது ஒரு மயிரிழைகூட நீளக் கூடாது. அதற்காக நிக்கல் கலவையில் இதழ் முழுவதையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள். உள்ளே நுண்துளை விட்டுக் குளிர்காற்றை ஓட்டுகிறார்கள். இந்தப் பக்குவத்தைக் கற்ற நாடுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவை ஐம்பது அறுபது வருடம் இடைவிடாமல் செய்து, உடைத்து, மறுபடி செய்து கற்றுக்கொண்டவை. எந்த விலைக்கும் அதை முழுசாக யாரும் சொல்லித் தருவதில்லை.

"அப்ப நாமளும் விடாம செஞ்சா வந்துடும் இல்ல சார்?" என்றான் பையன்.

"வந்துடும்" என்றேன். அவனுக்காகச் சொன்னேனா, பெரியப்பாவுக்காகச் சொன்னேனா தெரியாது.

பெரியப்பா 1984இல் ஓய்வு பெற்று ஊர் வந்தார். 2003இல் அவரைப் பெங்களூர் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே நிற்கிற மாருத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பழைய எஞ்சின்களை வைத்திருக்கும் இடத்தில்தான் அதிக நேரம் நின்றார். கால் வலிக்கும், உட்காருங்கள் என்றதற்கு, "இரு, இதைத்தான் நான் சரியா பாத்ததே இல்ல" என்றார். 2009இல் காலமானார்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து பெங்களூர் விமான ஆலை நேர்க்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான். ஆண்டுக்கு ஒருமுறை மலைப் பள்ளிப் பிள்ளைகள் இருபது பேரை அந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு பேருந்தில் அழைத்துப் போகலாம். நம்மில் உருக்காலைகளிலும் உலோக ஆய்வுக்கூடங்களிலும் பணி செய்கிறவர்கள் கூடவே வந்து எஞ்சின்கள் இருக்கும் பக்கத்தில் ஒரு மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். முதல் பேருந்துக்கான செலவில் பாதி என்னுடையது. மர மாருத்தையும் எடுத்து வருகிறேன்.

வாழ்க நம் கல்லூரி!